வாய்க்கட்டு

பேராச்சியை எங்கள் வரிசையில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் எங்களில் ஒருத்தரையும் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் ஒற்றுமை இருந்ததால், தாராவியில் ஒரே தகரச் சுவரின் இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவளும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டே குடியிருந்தோம்.

சாத்தான்குளம் பக்கத்து ஊர்க்காரி. மாஹிமில் கோலி மீனவர்களிடம் காய்ந்த பொம்பில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து கோவண்டி, காட்கோபர் வரைக்கும் போய் விற்பாள். ரயிலில் டிக்கெட் கேட்க வருகிறவர், கூடையின் வாடையையும் கூடைக்காரியின் வாயையும் சேர்த்து நினைத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். குழாயடியில் எவளாவது அவள் குடத்தை நகர்த்தி வைத்தால், தன் குலம் கோத்திரம் முழுவதும் நாறக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுபோக முடியும். எங்கள் அம்மா ஏஞ்சலம்மாள் சாயங்காலம் ஜெபம் சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏச்சு ஆரம்பித்தால், "தீமைகளிலிருந்து எங்களை இரட்சித்தருளும்" என்ற இடத்தை மட்டும் உரக்கச் சொல்லுவாள்.

பேராச்சியை நல்லவள் என்று எழுதினால் அவளே எழுந்து வந்து என் வாயில் போடுவாள். அதனால் அப்படி எழுதவில்லை. அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் நடந்ததை எழுதுகிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

புருஷன் பூதத்தானுக்குத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழி வேலை. பெயர்தான் பூதத்தானே தவிர, ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காத மனுஷன். அவள் கத்துவாள், அவர் சிரிப்பார். சிரிக்கிறாரே என்று இன்னும் கத்துவாள். மகன் செல்லப்பாண்டிக்குப் பதினைந்து வயது. தோல் பை தைக்கிற பட்டறையில் வேலைக்கு இருந்தான். சரியான ஓட்டை வாய். தமிழ், இந்தி, மராட்டி எல்லாவற்றையும் கலந்து கட்டி ரேடியோ மாதிரி பேசிக்கொண்டே இருப்பான். கிரிக்கெட் மேட்ச் நடந்தால் ரேடியோவே வேண்டாம், அவன் வாசலில் உட்கார்ந்து மொத்த ஆட்டத்தையும் சொல்லிவிடுவான். என் தம்பி மிக்கேல்ராஜும் அவனும் சேக்காளிகள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட அவர்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அறுபத்து நாலாம் வருஷத் தொடக்கத்தில் பூதத்தான் ரத்தமாக இருமினார். சிவ்ரி டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் சிவ்ரிக்குப் போனவர் திரும்பி வருவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பேராச்சி அழவில்லை. டாக்டரை ஏசினாள், கம்பெனி முதலாளியை ஏசினாள், கடைசியில் சுடலைமாடனிடம் நேர்ந்துகொண்டாள்.

தோல் கம்பெனிக்குப் பின்னால் மாடனுக்கு ஒரு பீடம் இருந்தது. ஊர்ப் பீடத்தில் பிடிமண் எடுத்து ரயிலில் கொண்டுவந்து கட்டியது. சித்திரையில் கொடை விழா நடக்கும். மாடனுக்குப் பொங்கலும் பழமும் போதாது. சுருட்டு வேண்டும், சாராயம் வேண்டும், கஞ்சா வேண்டும். எங்கள் அம்மாவைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர்களுக்கு அது பேய்க் கூத்து. மாடனைக் கும்பிடுகிறவர்களுக்கோ வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரிதான். இந்தச் சாமான்களை வாங்கப் போகிறவன் காலையில் குளித்துக் கையில் காப்புக் கட்டிக்கொள்வான். சாமான் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து பீடத்தில் வைக்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. அதற்கு வாய்க்கட்டு என்று பெயர். வழியில் பேசிவிட்டால் நேர்ச்சை முறிந்துபோகும், யாருக்காக நேர்ந்ததோ அவர் உயிருக்கு ஆகாது.

ஊரில் காப்புக் கட்டியவன் வருவதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட விலகி நிற்கும். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பம்பாயிலோ கேள்வி கேட்பதற்கென்றே காக்கிச் சட்டை மாட்டி ஆள் வைத்திருக்கிறார்கள். பேராச்சி அதை யோசிக்கவில்லை. செல்லப்பாண்டியைத்தான் வாய்க்கட்டுக்கு நேர்ந்தாள்.

"எல்லாப் பயலும் வாயக் கட்டுவான். இவன் கட்டுனாத்தான் மாடனுக்கே அதிசயமா இருக்கும்" என்று குழாயடியில் பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பயல் ரோடு முனை தாண்டுவதற்குள் பேசிவிடுவான் என்று எங்கள் வரிசையில் பேச்சு.

அந்தச் சித்திரையில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மைதானங்களில் உட்கார்ந்து கஞ்சா குடிக்கிறார்கள் என்று எழுதிவிட்டது. மேலிடத்துக்குக் கோபம் வந்தது. கோபம் படிப்படியாக இறங்கி எங்கள் பக்கத்துப் போலீஸ் சௌக்கிக்கு வந்தபோது, மீசை முளைக்காத பயல்களைப் பிடித்துக்கொண்டு வா என்ற உத்தரவாக மாறியிருந்தது. விற்கிறவனைப் பிடிக்கச் சொல்லவில்லை. விற்கிறவன் கழிமுகத்து ஓரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தான். ஹவல்தார்கள் அவனிடம்தான் டீ குடிப்பார்கள்.

கொடை நாள் காலையில் என் தம்பியைத்தான் முதலில் பிடித்தார்கள். அவன் யோக்கியன் இல்லை. மாட்டுங்கா மைதானத்துச் சுவரோரம் நாலைந்து பையன்களோடு பீடியில் கஞ்சா வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். அதில் ஒருவன் பெரிய ஆபீஸர் வீட்டுப் பையன். அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "பையனைக் கொஞ்சம் கவனிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் தம்பியைச் சௌக்கிக்குக் கொண்டுபோனார்கள்.

அதே காலையில் கழிமுகத்திலிருந்து பொட்டலத்தோடு வந்த செல்லப்பாண்டி, மெயின் ரோட்டில் ஹவல்தார் ஸால்வியின் கையில் சிக்கினான். பார்த்தவர் ரஹ்மத்துல்லா. மேலப்பாளையத்துக்காரர், தோல் வண்டி இழுப்பவர். வண்டியை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வரிசைக்கு ஓடி வந்தார்.

"பேராச்சி, ஒம் மவன புடிச்சிட்டுப் போறானுவ! ஹவல்தார் பேரு கேக்கான், பய சொல்ல மாட்டேங்கான். யாரு மால்னு கேக்கான், அதுக்கும் வாயத் தொறக்கல. கன்னத்துல போட்டான். அப்பவும் கையக் கும்புட்டு நிக்கானே தவிர ஒரு சொல்லு சொல்லல. நாஞ் சொல்லிப் பாத்தேன், என்னையும் லத்தியால தள்ளிட்டான்."

பேராச்சி அடுப்பில் இருந்த பொங்கல் பானையை இறக்கி வைத்தாள். முகத்தில் பயம் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதில் ஒரு பெருமை இருந்தது. "வாயத் தொறக்கலயா?" என்று மட்டும் கேட்டாள்.

நேரே சௌக்கிக்குப் போனாள். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றுகொண்டு தன் இந்தியில் ஏசினாள். அவளுடைய இந்தி பாதி மராட்டியும் பாதி சாத்தான்குளமுமாக இருக்கும். ஆனால் ஏசுகிறாள் என்பது எவனுக்கும் புரியும். "மேரா பச்சா குச் நஹி கியா!" என்றாள். எம்பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. அதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. பொட்டலம் யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை. அவள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கொடைக் கமிட்டித் தலைவர் அய்யாத்துரை பின்னாலேயே வந்து அவளை ஓரமாக இழுத்துப் பேசிவிட்டார்.

"சாமிக்கு வாங்குனதுன்னு சொல்லிராத, கேட்டியா? சொன்னா பீடத்தையே ஒடச்சிருவானுவ. கமிட்டிக்காரன் அத்தன பேரையும் அள்ளிட்டுப் போவானுவ. பய பேசாம இருக்க மட்டும் நேர்ச்சைக்கு ஒரு கொறையும் இல்ல. ரெண்டு தட்டு தட்டிட்டு விட்டுருவான். வாய்க்கட்டோட வந்து பீடத்துல நின்னுட்டாம்னா பூதத்தான் பொழச்சிக்கிடுவான்."

அய்யாத்துரையின் மகன் பம்பாய் வெயிலே படாமல் ஊரில் படித்துக்கொண்டிருந்தான். ரெண்டு தட்டு என்று சொல்ல அவருக்கு என்ன.

சாயங்காலம் என் தம்பியை வெளியே விட்டார்கள். உள்ளங்கை இரண்டும் இட்லி மாதிரி வீங்கியிருந்தன. முதல் அடியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், செய்யாததையும் சேர்த்துச் சொன்னான், அதனால் விட்டுவிட்டார்கள். அம்மா அவன் கையில் எண்ணெய் தடவ உட்கார்ந்தாள். பேராச்சி எங்கள் வீட்டுப் படியில் காலே வைக்காதவள், அன்றைக்கு உள்ளே வந்து அவன் முன்னால் குத்த வைத்தாள்.

"எலே மிக்கேலு, அவன் என்ன செய்யுதான்?"

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அடிக்கானுவ சித்தி. பட்டாவால அடிக்கானுவ. பேரச் சொல்லுங்கான், இவன் தலைய ஆட்டுதான். ஒனக்கு மால் குடுக்க சேட்டு யாருங்கான், அதுக்கும் தலைய ஆட்டுதான். இவன் பெரிய கேங்கு ஆளு, அதான் இவ்வளவு கெட்டியா இருக்கான்னு சொல்லிச் சொல்லி அடிக்கானுவ. பேசித் தொலைல, என்னய மாதிரி எதையாவது சொல்லித் தொலைலன்னு நான் அழுதேன் சித்தி. அவன் என்னயப் பாத்து கண்ணக் காட்டுதான், பேசாம இருன்னு."

பட்டா என்பது நீளமான தோல் பட்டை. எங்கள் ஆட்கள் பதம் செய்து அனுப்பிய தோலாகத்தான் இருக்கும். அதை மர்மஸ்தானத்தில் படாமல் வீசினால் எலும்பு உடையாது, தழும்பும் சீக்கிரம் மறைந்துவிடும் என்று சொல்வார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் தழும்பு எவ்வளவு நாள் இருக்கும் என்று ஆராய்ச்சி செய்து வைத்திருக்கிற ஜாதியை என்னவென்று சொல்வது? கட்டையில் போகிறவர்கள்.

"கத்தவாவது செய்யுதானா?" என்று பேராச்சி கேட்டாள்.

"இல்ல சித்தி. வேட்டிய வாய்க்குள்ள திணிச்சிக் கடிச்சிட்டிருக்கான்."

எங்கள் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏட்டி பேராச்சி, போயி அந்தப் பயலப் பேசச் சொல்லுட்டி. ஒஞ் சாமி புள்ளையக் கொன்னா திங்கும்?"

"பேசுனா எம் புருசன் செத்துருவான்."

"பேசலன்னா புள்ள செத்துருவானே!"

பேராச்சி எழுந்து போய்விட்டாள். அந்த இரவு சுவருக்கு அந்தப் பக்கம் ஏச்சுச் சத்தம் இல்லை. கொடைப் பந்தலில் வேறொருவன் போய் வேறொரு பொட்டலம் வாங்கி வந்து வைத்தான், மேளம் அடித்தது, ஆடினார்கள். பேராச்சி பந்தலுக்கும் போகவில்லை, பீடத்துக்கும் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

காலையில் வந்து எங்கள் தகரத்தைத் தட்டினாள். "ஏட்டி சீலி, எங்கூட வா. எனக்கு ஏசுததுக்குத்தான் இந்தி வரும். இன்னைக்கு ஏச முடியாது."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் இந்தி படித்திருந்தேன். அம்மா போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸால்வி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பையனைப் பேச வைக்கிறேன் என்று அவன் அம்மா சொல்கிறாள் என்றேன். எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே விட்டார். உள்ளே சுவரில் சங்கரன் படம், புது மாலை போட்டு, ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே தரையில் செல்லப்பாண்டி கிடந்தான். இடது காதிலிருந்து ரத்தம் இறங்கிக் கழுத்தில் காய்ந்திருந்தது. கால் இரண்டையும் ஊன்ற முடியவில்லை. வாயில் வேட்டித் துணியின் நூல் ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் காப்பு அப்படியே இருந்தது.

பேராச்சி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. எங்கே தொட்டாலும் வலிக்கும் என்று தெரிந்திருக்கும்.

"எய்யா, பேசு."

அவன் தலையை ஆட்டினான். வலது கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டான், பிறகு இருமுவது மாதிரி காட்டினான். அப்பா.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. ராத்திரி நான் மாடங்கிட்டப் போயிப் பூக்கட்டிப் போட்டுக் கேட்டேன். வெள்ளப்பூ வந்துது. பேசலாம்னு உத்தரவு குடுத்துட்டான். கட்ட நான் அவுத்து விடுதேன். பேசு."

அவள் பீடத்துப் பக்கமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பேராச்சி காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். செல்லப்பாண்டி அம்மாவை வெகுநேரம் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவன் வாய் திறந்தது. உதடு வெடித்து மறுபடி ரத்தம் வந்தது.

"மேரா நாம் செல்லப்பாண்டி" என்றான், ஸால்வியைப் பார்த்து. "வோ பகவான் கே லியே தா."

என் பெயர் செல்லப்பாண்டி. அது சாமிக்காக வாங்கியது. அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அடித்திருக்கிறார்கள்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மனுஷர் மாதிரி முகம். பேராச்சி எழுந்து நின்று, நான் தான் வாங்கிவரச் சொன்னேன், இது எங்கள் சாமி சாமான், என்னைப் பிடியுங்கள் என்றாள். வாய்க்கட்டைப் பற்றியும் சொன்னாள். நான் ஒன்றுவிடாமல் இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பையனைப் பார்த்தார், ஸால்வியைப் பார்த்தார், பிறகு என்னிடம் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"நேற்றே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு அறையோடு அனுப்பியிருப்போமே. இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேள்."

நான் கேட்கவில்லை. ஆனால் அந்த அளவு இந்தி பேராச்சிக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

கேஸ் போடவில்லை. பிள்ளைகள் கோர்ட்டில் இந்தக் கோலத்தில் நிறுத்தினால் மாஜிஸ்திரேட் நாலு கேள்வி கேட்பார் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் சும்மா விடவும் மனசு வரவில்லை. ஸால்வி மூலையிலிருந்து ஒரு வாளியும் சாக்குத் துணியும் எடுத்து வந்து பேராச்சியின் முன்னால் வைத்தார். தரையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போ என்றார். எந்தத் தரை என்று சொல்ல வேண்டியதில்லை. நான் குனிந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தொடாத. இது எம் புள்ள ரத்தம்."

கழுவினாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஸால்வி டீ குடித்துக்கொண்டே, அந்த மூலையில் இன்னும் இருக்கிறது பார் என்று காலால் காட்டினார். அந்த ஆள் பென்ஷன் வாங்கி நன்றாக வாழ்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் காது கடைசி வரைக்கும் நன்றாகக் கேட்டிருக்கும்.

ரஹ்மத்துல்லா தோல் வண்டியைக் கொண்டுவந்து வெளியே நிறுத்தியிருந்தார். அதில்தான் பையனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்தது எங்கள் ஜனங்களின் முறை. போலீஸ் மட்டும் தான் கெட்டவன் என்று எழுதினால் பொய். அய்யாத்துரை வீட்டு வாசலில் வந்து நின்று, நேர்ச்சையை முறித்தாய், சாமி பெயரைச் சௌக்கியில் சொன்னாய், இனி உன் குடும்பம் கொடைப் பக்கம் வரக்கூடாது என்றார். "பூதத்தான் ஆயுசு அவ்வளவுதான். ஓங் கையாலயே முடிச்சிட்ட" என்றும் சொன்னார். பேராச்சி அவர் மேல் கருவாட்டுக் கூடையை வீசினாள். ஆனால் அவர் சொன்னதை அவள் நம்பினாள். அவள் மகனும் நம்பினான். மாடன் உத்தரவு கொடுத்தான் என்று அம்மா சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், மாடன் மனசு மாறிவிட்டால்?

அதனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு காத்திருப்புதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சிவ்ரிக்குப் போவார்கள். பூதத்தானிடம் நடந்தது எதையும் சொல்லவில்லை. பையன் காதில் என்னல கட்டு என்று கேட்டதற்கு, சீழ் என்று பேராச்சி சொன்னாளாம். செல்லப்பாண்டி கட்டிலோரம் நின்று அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று மிக்கேல் சொன்னான். இடது காது போனது போனதுதான். தண்டவாளம் தாண்டிப் பட்டறைக்குப் போக வேண்டும். ரயில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல், நின்று, தலையை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாண்டுவான். வாசலில் கிரிக்கெட் சொல்வது நின்றுபோனது. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இல்லை. அம்மா கேட்டால் மட்டும் பதில் சொல்வதில்லை.

பேராச்சிக்கு மட்டும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எங்கள் பகுதியில் எந்தப் பயலைப் பிடித்தாலும், அவன் திருடனோ யோக்கியனோ, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சௌக்கி வாசலுக்குப் போய்விடுவாள். உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி, "எலே, கேக்கதச் சொல்லிட்டு வெளிய வால! எவனுக்காவும் அடி வாங்காதல!" என்று கத்துவாள். போலீஸ்காரர்கள் அவளைத் தள்ளிவிடுவார்கள். ஒருதரம் கை ஒடிந்தது. ஒடிந்த கையோடும் போனாள். சாகும் வரைக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அதற்காக எங்கள் வரிசையில் யாருக்கும் அவளைப் பிடித்துப்போகவில்லை. குழாயடியில் அவள் அதே பேராச்சிதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பூதத்தான் திரும்பி வந்த நாள். ஊசி மருந்து வேலை செய்துவிட்டது. அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தி, ஒரு மத்தியானம், கன்னத்தில் சதை போட்டு, தன் காலால் நடந்து வந்தார். பேராச்சி பொம்பில் குழம்பு வைத்திருந்தாள். நான் அவர்கள் வாசலில்தான் இருந்தேன், ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கி வந்தது மிக்கேலும் நானும். பூதத்தான் தட்டின் முன்னால் உட்கார்ந்து, நல்லா உரைக்க வச்சிருக்கா என்று ரசித்துச் சாப்பிட்டார். செல்லப்பாண்டி எதிர்ச் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பேசிட்டேன்" என்றான். "இவரு சாவல."

பூதத்தான் நிமிர்ந்தார். "என்னல சொல்லுத?"

அவன் அப்பாவிடம் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான். பேசப் பேசக் குரல் ஏறியது. "மாடங்கிட்டக் கேட்டேன், உத்தரவு குடுத்துட்டான்னியே. மொத நாளு பகல்லயே கேட்டிருக்கலாம்லா? வாசல்ல நின்னு கத்துனியே, எனக்கு உள்ள கேட்டுது. அப்ப ரெண்டு காதும் கேட்டுது. குச் நஹி கியா, குச் நஹி கியான்னு கத்துனியே. பேசுல செல்லப்பாண்டின்னு ஒரு சொல்லு கத்திருந்தா என்ன? நான் எதுக்கும்மா அடி வாங்குனேன்?"

பேராச்சி அடுப்பு ஊதும் குழலைக் கீழே வைத்தாள். "மாடங்கிட்ட நான் கேக்கல."

"பூக்கட்டிப் போட்டேன்னு..."

"போடல. பொய். நான் பீடத்துக்கே போவல. நீ பேசுனா இந்த மனுசன் செத்துருவாம்னு தாம்ல ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். விடிஞ்சுது. செத்தாச் சாவட்டும், எம் புள்ள வந்தாப் போதும்னு தாம்ல எந்திச்சு வந்தேன். போதுமா?"

மிக்கேல் பையைக் கையில் பிடித்தபடியே நின்றான். புருஷன் உயிர் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்ததைப் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லுகிற பெண்பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பூதத்தான் மகனின் காதைப் பார்த்தார், அவன் காலைப் பார்த்தார். சீழ் என்று தன்னிடம் சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எச்சில் கையோடு எழுந்து போய் மகன் பக்கத்தில், கேட்கிற காதின் பக்கம் உட்கார்ந்தார். என்றைக்கும் குரல் உயர்த்தாத மனுஷன், பேராச்சியைப் பார்த்துக் கத்தினார்.

"அந்த முடிவ எடுக்க ஒனக்கு ஒரு ராத்திரி வேணுமாட்டி, மூதி? மொத அடி விழுந்தப்பவே எடுத்திருக்கணும்!"

பேராச்சி அப்போதுதான் அழுதாள்.